மாணவர்க்கு நற்றுணை யார்?

(பெங்களூர் பீன்யாவில் பௌர்ணமிக் கூட்டத்தில் ஆற்றிய அறவுரை)

 

சென்ற பௌர்ணமியன்று வழிபாடு முடிந்து யாவரும் கலைந்த பின்னர், உபாசிகை ஒருவர் என்னிடம் தனியே வந்து ஒரு வினா விடுத்தார். அவர் இப்பீன்யாவிலேயே ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தையல் எந்திரத்தின் முன் நாள் முழுதும் அமர்ந்து உழைப்பவர். அவர் கணவர் லேத்துப் பட்டறையில் பணிபுரிபவர். இருவரும் வயிற்றைக் கட்டித் தம் ஒரே மகனைக் கல்லூரியிற் சேர்த்திருக்கின்றனர். "ஐயா, பள்ளியிற் படித்த காலத்தில் என் மகன் ஞாயிறுதோறும் என்னோடு இங்கு வருவான், காலையில் எழுந்தால் பஞ்சசீலம் சொல்லுவான். கல்லூரி விடுதிக்குப் போனபின் எல்லாவற்றையும் விட்டுவிட்டான். கேட்டால் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. என் பிள்ளை தம்மத்தைத் துறந்துவிட்டானோ? நான் என்ன செய்யட்டும்?" என்று அந்த அம்மையார் கேட்டார்.

அன்று நான் அவருக்குத் தக்க விடை கூறவில்லை. "எல்லாம் சரியாகும், அம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அஃது விடையன்று; விடை தெரியாதவன் கூறும் சமாதானம். ஒரு திங்களாக அவ்வினா என்னை விட்டு அகலவில்லை. ஆதலின் இன்று அதனையே பொருளாகக் கொண்டு பேசத் துணிந்தேன்.

கல்லூரியைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி யாது என்று நீங்கள் கேட்கலாம். நான் கல்லூரியிற் பயின்றவனல்லேன். பஞ்சாலையில் நூற்புப் பகுதியில் வேலைபார்த்து, ஷிப்டு முடிந்த இரவுகளில் தானே எழுத்துக்கூட்டிப் படித்தவன். ஆயினும் இவ்வினா நம்மில் ஒவ்வொரு குடும்பத்தின் வினாவாகும். தமிழகத்திலிருந்தும், 2001ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்பட்ட கோலார் தங்கவயலிலிருந்தும் பிழைப்பை நாடி இந்நகருக்கு வந்தோர் நம்மிற் பலர். நம் பிள்ளைகள் வீட்டின் முதற் பட்டதாரிகள். அவர்கள் நுழையும் உலகம் நாம் கண்டறியாத உலகம். கண்டறியாத ஊருக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் வழித்துணை தேடுவரன்றோ? அத்துணை யாது என்பதே ஈண்டு நாம் ஆராயவேண்டுவது.

முதற்கண் ஒன்று தெளிவுபடுத்துகின்றேன். பிறர் இதனை மாணவரின் ஆன்மிக வாழ்வு என்பர். நாம் நிலையான ஆன்மா ஒன்று உண்டென்று கொள்ளாதவர்கள். ஆதலின் நமக்கு இஃது அறவாழ்வு. உள்ளத்தைப் பண்படுத்தும் வாழ்வு. பூசை செய்தான், செய்யவில்லை என்பதைக் கொண்டு அதனை அளத்தல் இயலாது. ஆசை, சினம், மயக்கம் இம்மூன்றும் குறைந்தனவா என்பதே அதன் அளவுகோல்.

தட்சசீலத்து மாணவர் இருவர்

நம் அறநூல்களில் கல்லூரி மாணவர் கதைகள் உண்டு என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். அக்காலத்தில் பாரத நாட்டு இளைஞர் உயர்கல்விக்காக நாடிச்சென்ற பேரூர் தட்சசீலம். அங்குப் பயின்ற மாணவர் இருவரைப் பற்றிக் கூறுவேன்.

ஒருவன் பெயர் அகிம்சகன். கோசல நாட்டு அரசவைப் புரோகிதரின் மகன். அறிவிலும் ஒழுக்கத்திலும் வகுப்பில் முதல்வன். அதுவே அவனுக்குக் கேடாயிற்று. உடன் பயின்றோர் பொறாமை கொண்டு, அவன்மீது அவதூறு புனைந்து, ஆசிரியரின் செவியில் ஓதினர். ஆசிரியர் ஆராயாமல் நம்பினார். மாணவனை அழிக்கக் கருதி, ஆயிரம் மனித விரல்களைக் குருதட்சிணையாகக் கொணர்க என்று பணித்தார். ஆசிரியர் சொல்லைத் தட்டாத அந்த நன்மாணவன் கொலைகாரனானான். விரல்களை மாலையாகக் கோத்து அணிந்து அங்குலிமாலன் என்று பெயர் பெற்றான்.

தோழர்களே! இக்கதையை நாம் பகவானின் அருள் வல்லமைக்குச் சான்றாக மட்டும் சொல்லி முடித்துவிடுகின்றோம். கொடியவனைப் பெருமான் திருத்தினார் என்கின்றோம். ஆனால் அவனைக் கொடியவனாக்கியது யார்? ஓர் ஆசிரியரும் ஒரு வகுப்பறையுமன்றோ? அவதூறு கிளம்பிய அன்றே அவன் தோளைத் தொட்டு, "இஃது உண்மையா?" என்று கேட்க ஒருவராவது இருந்திருப்பின், அங்குலிமாலன் என்னும் பெயரே தோன்றியிராது. அறிவு இருந்தது, கீழ்ப்படிதல் இருந்தது, நல்ல துணை ஒன்று மட்டும் இல்லை.

மற்றொருவன் ஜீவகன். பிறந்தவுடன் இராஜகிருகத்தில் குப்பைமேட்டில் எறியப்பட்ட குழந்தை. அபயன் என்னும் அரசகுமாரன் கண்டெடுத்து வளர்த்தான். தந்தை பெயர் சொல்ல இயலாத அந்த இளைஞன் தட்சசீலம் சென்று ஏழாண்டு மருத்துவம் பயின்றான். கல்வி எப்போது முற்றுப்பெறும் என்று அவன் கேட்டபொழுது, ஆசிரியர் அவன் கையில் மண்வெட்டியைக் கொடுத்து, தட்சசீலத்தைச் சுற்றி ஒரு யோசனைத் தூரம் தேடி, மருந்துக்கு உதவாத செடி ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். அவன் எங்கும் தேடி, அத்தகைய செடி ஒன்றுமே இல்லை என்று வெறுங்கையோடு திரும்பினான். கல்வி முற்றிற்று என்று ஆசிரியர் வாழ்த்தி, வழிச்செலவுக்குச் சிறிது பொருளும் ஈந்து அனுப்பினார். அவனே பின்னாளில் பகவானுக்கும் சங்கத்திற்கும் மருத்துவனாய் விளங்கியவன்.

உதவாத செடி உலகில் இல்லை என்று கண்டவன் யார்? குப்பையில் எறியப்பட்டவன்! அவ்விருவர்க்கும் ஊர் ஒன்று. ஒருவனுக்கு ஆசிரியர் பகையாயினார், மற்றவனுக்குத் துணையாயினார். விளைவு யாதென உலகம் அறியும்.

வாயிலில் நின்ற பெருமான்

இனி, மூன்றாம் மாணவன். அவன் கெட்டிக்காரனல்லன், தேர்வில் தவறியவன். அவனைப் பற்றித்தான் நான் விரித்துரைக்க விரும்புகின்றேன்.

இராஜகிருகத்துப் பெருஞ்செல்வர் ஒருவரின் மகள், தன் வீட்டுப் பணியாளனை விரும்பி மணந்து ஊரைவிட்டு நீங்கினாள். அவ்விருவருக்கும் வழியிற் பிறந்த பிள்ளைகள் இருவர். வழியிற் பிறந்தமையால் மூத்தவன் மகாபந்தகன், இளையவன் சூளபந்தகன் எனப்பட்டனர். மூத்தவர் துறவு பூண்டு விரைவில் அருகத நிலை எய்தினார். தம்பியையும் சங்கத்திற் சேர்த்து, நான்கடிச் செய்யுள் ஒன்றை மனனம் செய்யுமாறு கொடுத்தார். நான்கு திங்கள் கழிந்தன. தம்பிக்கு அது மனத்தில் தங்கவில்லை. இரண்டாம் அடியைக் கற்றால் முதலடி மறந்துபோகும்.

தமையனார் பொறுமை இழந்தார். "நீ இச்சாசனத்திற்கு உதவாதவன், வீட்டிற்குச் செல்" என்றார். அவ்வேளையில் முன்னர்க் கூறிய ஜீவகன் தன் மாந்தோப்பிற்குப் பிக்குகள் அனைவரையும் விருந்துக்கு அழைத்திருந்தான். பெயர்களைக் கூறிய தமையனார் தம்பியின் பெயரை விட்டுவிட்டார். சூளபந்தகன் இரவெல்லாம் வருந்தி, வைகறையில் ஒருவரும் அறியாமல் விகாரையைவிட்டு வெளியேறினான்.

அவ்வைகறையில் வாயிலருகே ஒருவர் உலவிக்கொண்டிருந்தார். அவர் பகவான் புத்தர். "இந்நேரத்தில் எங்கே செல்கின்றாய்?" என்று வினவினார். அண்ணன் போகச் சொன்னதை அவன் கூறினான். நீ துறவு பூண்டது என்னிடமன்றோ, அண்ணன் விலக்கினால் என்னிடம் ஏன் வரவில்லை என்று பெருமான் அவன் தலையைத் தடவினார். உள்ளே அழைத்துச்சென்று தூய வெண்துணித் துண்டு ஒன்றை அவன் கையிற் கொடுத்து, கிழக்கு நோக்கி அமர்ந்து, அழுக்கு நீங்குக என்று சொல்லியவாறு அதனைத் தடவிக்கொண்டிருக்கப் பணித்தார். அவ்வளவே பாடம். செய்யுள் இல்லை, தேர்வு இல்லை. கதிரவன் ஏற ஏற, கையின் வியர்வை பட்டுத் துணி அழுக்கடைந்தது. சற்று முன் வெண்மையாயிருந்த துணி நிறம் மாறியதைக் கண்டான், நிலையாமையை உணர்ந்தான், உள்ளத்து அழுக்கே துடைக்கத்தக்கது என்று தெளிந்தான். அக்காலையிலேயே அருகதன் ஆனான். விருந்திலோ, பகவான் தம் பாத்திரத்தைக் கையால் மூடி, விகாரையில் இன்னும் ஒரு பிக்கு இருக்கின்றார் என்று கூறி, அவனை அழைத்துவரச் செய்த பின்னரே உணவேற்றார்.

இதனைச் சற்று ஆழ்ந்து எண்ணுங்கள். மகாபந்தகர் தீயவரல்லர். கற்றவர்; அருகத நிலை எய்தியவர்; தம்பியின் நன்மையை நாடியவர். ஆயினும் வாயிற்கதவைத் திறந்து வெளியே போகச் சொன்னவர் அவரே. பகவான் செய்தவை மூன்று. முதலாவது, அவன் வெளியேறும் நேரத்தில் வாயிலில் நின்றார். இரண்டாவது, ஏன் கற்கவில்லை என்று கேளாமல், எங்கே செல்கின்றாய் என்று கேட்டார். மூன்றாவது, அவன் கைக்கு இயன்ற பாடத்தைக் கொடுத்தார்.

என் பிழை

இக்கதையைப் பல்லாண்டு மேடைகளிற் சொல்லி வந்தவன் நான். ஆயினும் நானே மகாபந்தகனாய் நின்ற நாள் ஒன்றுண்டு. அதனை மறைப்பின் இவ்வுரை பொய்யுரையாகும்.

சில ஆண்டுகட்கு முன், நம் கூட்டத்தைச் சேர்ந்த இளைஞன் ஒருவன் பொறியியற் கல்லூரியில் மூன்று பாடங்களில் தவறினான். அவன் தந்தை அவனைக் கையோடு அழைத்துவந்து, "ஐயா, நீங்கள் நாலு வார்த்தை சொல்லுங்கள்" என்றார். நான் சபை நடுவே அவனை நிறுத்தி, பாபாசாகேப் அம்பேத்கர் பரேல் தொழிலாளர் குடியிருப்பின் ஒற்றை அறையிலிருந்து படித்து உயர்ந்ததை எடுத்துக்கூறி, "உனக்கு என்னப்பா குறை? விடுதி உண்டு, உதவித்தொகை உண்டு. இவ்வளவு இருந்தும் தவறினாயென்றால் நம் சமூகத்திற்கே தலைகுனிவன்றோ?" என்று முழங்கினேன். சபையோர் தலையசைத்தனர். அவன் ஒன்றும் பேசாமல் நின்றான், பின் சென்றுவிட்டான்.

நான்கு திங்கள் அவன் இப்பக்கம் வரவில்லை. அவன் வகுப்புக்கே செல்வதில்லை என்று பின்னர் அவன் தோழன் சொல்லக் கேட்டேன். சேர்ந்த முதல் வாரத்திலேயே உடன் பயில்வோர் அவன் நுழைவுத்தேர்வு வரிசை எண்ணைக் கேட்டு நகைத்தனர். ஆசிரியர் ஒருவர் வகுப்பிலேயே ஒதுக்கீட்டைச் சுட்டி ஏளனம் செய்தார். உணவறையில் அவன் அமர்ந்த மேசையை விட்டு எழுந்தோரும் உண்டு. அவன் வீட்டிலே இதனைக் கூறவில்லை. பெற்றோர் வருந்துவரே என்று அடக்கிக்கொண்டான். அவன்மீது ஏற்கெனவே இருந்த சுமையின் மேல் நானும் ஒரு கல்லை எடுத்து வைத்தேன். அதுவும் தம்மத்தின் பெயரால், பாபாசாகேப்பின் பெயரால்!

ஒரு நாளிரவு, மறுநாள் உரைக்காகச் சூளபந்தகன் கதையைப் படித்துக்கொண்டிருந்தேன். மேலே படிக்க இயலவில்லை. விடிந்ததும் பேருந்தேறி அவன் விடுதி வாயிலுக்குச் சென்றேன். காவலர் உள்ளே விடவில்லை. வெளியே நின்றேன். உச்சிவேளைக்குமேல் அவன் வெளியே வந்தான். என்னைக் கண்டு திடுக்கிட்டான்.

"தம்பி, சாப்பிட்டாயா?" என்றேன்.

"ஐயா, மறுபடியும் அறிவுரையா?" என்றான்.

"இல்லையப்பா. சபை நடுவில் உன்னை நிறுத்திப் பேசியது என் பிழை. பொறுத்துக்கொள் என்று கேட்க வந்தேன்" என்றேன்.

அவன் அழுதுவிட்டான். அருகிலிருந்த தேநீர்க் கடையில் அமர்ந்தோம். இரண்டு மணி நேரம் அவன் பேசினான், நான் கேட்டேன். பின்னர்ச் சனிக்கிழமைதோறும் சென்றேன். தம்மத்தைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை. ஒரு நாள் அவனே எடுத்தான். மூச்சைக் கவனித்து அமரும் பயிற்சியை அன்றுதான் கற்றுக்கொடுத்தேன். ஓராண்டு பிந்தி அவன் பட்டம் பெற்றான். இன்று பீன்யாவிலேயே பணியில் இருக்கின்றான். அவன் இசைவு பெற்றே இதனைக் கூறினேன்.

முழுவாழ்வும் நட்பே

ஒரு காலத்தில் ஆனந்தர் பகவானை அணுகி, நல்லோர் நட்பு அறவாழ்வின் பாதியாகும் என்று தமக்குத் தோன்றுவதாகக் கூறினார். பகவான் அதனை மறுத்து, பாதியன்று, அறவாழ்வு முழுமையுமே நல்லோர் நட்புத்தான் என்று அருளினார். அத்தகைய நண்பரையே பாளி மொழியில் கல்யாணமித்தர் என்பர். மாணவர்க்கு நற்றுணை யார் என்னும் வினாவிற்கு இதுவே பகவானின் விடை.

பாபாசாகேப்பின் வாழ்வைப் பாருங்கள். பள்ளியில் அவர் தாமே கொண்டுசென்ற சாக்குத் துணியின்மேல் தனியே அமர்ந்தார். பள்ளிச் சேவகன் வந்து ஊற்றினாலொழியத் தண்ணீர் அருந்த இயலாது. இவ்வளவு இழிவுக்கிடையில் அவருக்கு ஒரு நற்றுணை வாய்த்தது. பம்பாயில் ஆசிரியராயிருந்த கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் அச்சிறுவனின் படிப்பார்வத்தைக் கண்டு அன்பு பாராட்டினார். அவன் தேர்வில் தேறியதைச் சுற்றத்தார் கொண்டாடியபொழுது, தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்று நூலைப் பரிசாக அளித்தார். கல்லூரிப் படிப்பு தடைப்படும் நிலை வந்தபொழுது பரோடா மன்னரின் உதவித்தொகைக்கு வழிசெய்தவரும் அவரே. தாம் பௌத்தத்தின்பால் திரும்பியதற்கு முதல் வித்து அந்நூலே என்று பாபாசாகேப் பின்னாளில் நினைவுகூர்ந்தார். 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கானோர் பௌத்தம் தழுவினரே, அந்த ஆலமரத்தின் விதை ஓர் ஆசிரியர் ஒரு மாணவனுக்குக் கொடுத்த ஒரு புத்தகம்!

நம் தமிழ்நாட்டிலும் இது நிகழ்ந்தது. காஞ்சியிற் பிறந்த தருமபாலர் நாலந்தாவில் தலைமை ஆசிரியராய் விளங்கினார். அவர் மாணவர் சீலபத்திரர். அவரிடம் பயின்றவர் சீனத்து யாத்திரிகர் யுவான் சுவாங். அயோத்திதாச பண்டிதர் 1898ஆம் ஆண்டில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்தோடு இணைந்து உழைத்த பேராசிரியர் லட்சுமி நரசு, சென்னைக் கல்லூரிகளில் விஞ்ஞானம் கற்பித்தவர். 1907ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட பௌத்த நூலை, 1948ஆம் ஆண்டில் முன்னுரை எழுதி மறுபடி வெளிக்கொணர்ந்தவர் பாபாசாகேப். துணை துணையைத் தேடிச் செல்கின்றது. தீபம் தீபத்தை ஏற்றுகின்றது.

காற்றில் ஈரம் வேண்டும்

ஆனால் தோழர்களே, துணை நின்றால் மட்டும் போதுமா? பஞ்சாலையில் நான் கற்ற பாடம் ஒன்றைச் சொல்லுகின்றேன். நூற்பு எந்திரத்தில் இழை அறுந்தால், அங்கு நிற்கும் தொழிலாளி அதனைக் கண்டு, ஓடும் கதிரிலேயே இழையை எடுத்து ஒட்டவேண்டும். அறுந்த இழையைத் திட்டுபவனை நான் கண்டதில்லை. ஓரிரண்டு அறுந்தால் ஒட்டுவோம். வரிசை வரிசையாக அறுந்தாலோ, மேஸ்திரி இழையைப் பார்க்கமாட்டார், காற்றைப் பார்ப்பார். காற்றில் ஈரம் குறைந்தால் நல்ல பஞ்சும் அறும். ஆகவேதான் ஆலைக்குள் ஈரக்காற்றைச் செலுத்துவர்.

நம் பிள்ளைகள் பல கல்லூரிகளில் ஒருவர்பின் ஒருவராக அறுபடுகின்றனர். 2016ஆம் ஆண்டு சனவரி 17ஆம் நாள் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர் ரோகித் வேமுலா உயிர் நீத்தார். விடுதியிலிருந்து விலக்கப்பட்டு, வளாகத்தின் திறந்தவெளியில் தங்கிப் போராடிய ஐவரில் அவர் ஒருவர். அவ்வாண்டு ஏப்ரல் 14ஆம் நாள் அவர் அன்னையார் ராதிகாவும் தம்பியும் மும்பையில் பௌத்தம் தழுவினர். மகனை இழந்த தாய் பகவானின் நிழலுக்கு வந்தார். நாமோ, இழக்கும் முன்னரே அந்நிழலைப் பிள்ளைகட்குக் கொண்டுசெல்லக் கடமைப்பட்டவர்கள்.

கல்லூரியின் காற்று எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதையும் பாபாசாகேப் காட்டிச்சென்றார். 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, 1946இல் பம்பாயில் சித்தார்த்தர் பெயரால் கல்லூரி கண்டார். 1950இல் ஔரங்காபாத்தில் ஒரு கல்லூரி கண்டார். அதற்கு மிலிந்தன் பெயரையும், வளாகத்திற்கு நாகசேனவனம் என்னும் பெயரையும் சூட்டினார். தாம் தீட்சை பெறுவதற்குப் பத்தாண்டு முன்பே கல்லூரிக்குப் புத்தரின் பெயர்! மிலிந்தன் வினவும் மன்னன். நாகசேனர் விடையளிக்கும் பிக்கு. உரையாடலின் தொடக்கத்தில் நாகசேனர், அறிஞர் முறையில் வாதிப்பதா, அரசர் முறையில் வாதிப்பதா என்று கேட்டார். அறிஞர் வாதத்தில் பிழை காட்டப்பட்டால் ஒப்புக்கொள்வர், சினங்கொள்ளார். அரசர் வாதத்தில் மறுத்தவனைத் தண்டிப்பர் என்றார். மன்னன் அறிஞர் முறைக்கு இசைந்தான். கேள்வி கேட்டவனைத் தண்டிக்காத இடமே கல்லூரி. அதுவே நான் கூறும் ஈரம்.

சிகாலகனுக்கு உரைத்த அறவுரையில் ஆசிரியரின் கடமைகள் ஐந்தென்று பகவான் வகுத்தார். நன்கு பயிற்றுதல், நன்கு மனங்கொளச் செய்தல், கலைகளை மறைக்காது கற்பித்தல், நண்பர் நடுவே அவனைப் புகழ்ந்து அறிமுகம் செய்தல், எல்லாத் திசைகளிலும் அவனுக்குப் பாதுகாப்பளித்தல். இறுதிக் கடமையைக் கவனியுங்கள்: பாதுகாப்பு! மாணவனும் ஆசிரியரைப் போற்றக் கடமைப்பட்டவன். இதோ இந்தத் தும்கூர் சாலை வழியே சென்றால் சித்ரதுர்க்க மாவட்டம். அங்குப் பிரம்மகிரிப் பாறையில் அசோகரின் சாசனம் உள்ளது. 1892இல் கண்டறியப்பட்ட அக்கல்வெட்டு, தாய்தந்தையரைப் பணிதலையும் மாணாக்கன் ஆசிரியரை மதித்தலையும் தம்மம் என்று இக்கன்னட மண்ணிலேயே பொறித்திருக்கின்றது. மதிப்பு ஒருபுறம், பாதுகாப்பு மறுபுறம். ஒன்றைக் கேட்டு மற்றொன்றை மறுக்கும் வளாகத்தில், முறையீடு செய்தல் மாணவனின் உரிமை. உயர்கல்வி நிலையங்களில் சமத்துவத்தைக் காக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2012இலேயே விதிகள் வகுத்தது. அவமதிப்பைப் பொறுத்துக்கொள்ளுதல் சாந்தியன்று. சினமின்றி, பொய்யின்றி, எழுத்து மூலம் முறையிடுதல் தம்மத்திற்கு இயைந்ததே. பெற்றோரும் சங்கமும் அவனுடன் செல்லவேண்டும்.

செய்யத்தக்கவை

மாணவச் செல்வங்களே, உங்களுக்குச் சில கூறுவேன். பஞ்சசீலம் விடியலில் ஓதி முடிக்கும் சடங்கன்று. வளாகமே அதன் களம். உயிர்க்கு ஊறு செய்யாமை என்பது புதிய மாணவரைத் துன்புறுத்தாமை. களவாமை என்பது தேர்வில் பிறர் விடையைப் பாராமை. மூன்றாம் சீலம் உடன் பயிலும் பெண்களின் மானத்தைத் தம் மானமாகக் காத்தல். நான்காவது, கேட்ட அவதூறைப் பரப்பாமை. அகிம்சகனை அழித்தது அஃதே. ஐந்தாவது, நண்பர் வற்புறுத்தினும் மதுவையும் போதையையும் தொடாமை.

முதற் சீலம் உங்கள் உயிரையும் உள்ளடக்கியது என்பதை மறவாதீர்கள். வாழ்வு வேண்டாம் என்னும் எண்ணம் ஒருகணம் எழுந்தாலும், அந்த இரவே ஒருவரிடம் வாய்திறந்து கூறுங்கள். வீட்டில் இயலாதெனில் என்னிடம் கூறுங்கள். அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநலத் தொலைபேசி உதவிக்கு 14416 என்னும் எண்ணை அழையுங்கள். நோய்க்கு மருத்துவரை நாடுதல் இழிவன்று. பகவானே ஜீவகனின் மருந்தை ஏற்றவர்.

விடுதியில் விநாயகர் விழாவுக்கும் ஆயுத பூசைக்கும் அழைப்பர். என் செய்வது என்று பலர் கேட்கின்றீர்கள். பீன்யாவின் பட்டறைகளில் நாமும் ஆண்டுதோறும் எதிர்கொள்ளும் வினாவே இது. பிறர் வழிபாட்டை இகழாதீர்கள். உங்கள் உறுதிமொழியையும் விடாதீர்கள். "நான் பௌத்தன், வணங்கமாட்டேன், விழா வேலையில் கைகொடுப்பேன்" என்று புன்முறுவலோடு கூறுங்கள். உங்கள் சமயத்தை ஒளிக்கவேண்டா. அதனைக் கொண்டு சண்டையும் தொடுக்கவேண்டா.

வளாகத்தில் மூவர் நால்வர் கூடினாலும் போதும். வாரத்தில் ஒரு மாலை அமருங்கள். சிறிது நேரம் மூச்சைக் கவனியுங்கள். பாபாசாகேப் இயற்றிய புத்தரும் அவர் தம்மமும் என்னும் நூலில் சில பக்கம் படியுங்கள். பின் அறிஞர் முறையில் வினவுங்கள். காலாமர்க்குப் பகவான் அருளியபடி, நூலில் உள்ளதாலோ, நான் சொன்னதாலோ ஏற்காமல், நன்மை பயப்பதா என்று சோதித்து ஏற்றுக்கொள்ளுங்கள்.

பெற்றோர்களே, பிள்ளை வீட்டிற்கு வந்தால் மதிப்பெண்ணை முதலிற் கேளாதீர்கள். உண்டாயா, உறங்கினாயா, யாரோடு பேசுகின்றாய், யாரேனும் உன்னைப் புண்படுத்தினரா என்று கேளுங்கள். அவன் மௌனமாயிருப்பின், தம்மத்தைத் துறந்தான் என்று முடிவுகட்டாதீர்கள். எதையோ தனியே சுமக்கின்றான் என்று ஐயுறுங்கள்.

அந்த உபாசிகைக்கு இன்று என் விடை இதுவே: அம்மா, உங்கள் மகன் பஞ்சசீலத்தைச் சொல்லவில்லையே என்று வருந்தாதீர்கள். அவனுக்கு அங்கே ஒரு கல்யாணமித்தர் உண்டா என்று பாருங்கள். இல்லையெனில், வரும் சனிக்கிழமை நான் அவன் விடுதி வாயிலுக்குச் செல்வேன். அறிவுரை கூறச் செல்லேன். தேநீர் அருந்தச் செல்வேன்.

நம் கூட்டத்தின் பிள்ளைகள் பல கல்லூரிகளில் இருக்கின்றனர். அத்தனை வாயில்களிலும் நிற்க என் ஒருவனால் ஆகாது. ஒரு மாணவருக்கு ஒரு பெரியவர் என்று பொறுப்பேற்க முன்வாருங்கள். கல்வி இல்லையே என்று தயங்கவேண்டா. செவி இருந்தால் போதும். மாணவியர்க்கு உபாசிகைகள் முன்வரவேண்டும். இன்று இக்கூட்டம் கலையுமுன் பெயர் கொடுக்க விழைவோர் இங்கே என்னருகில் வந்து அமருங்கள். முதற் பெயர் என்னுடையது. இரண்டாம் பெயரை, அன்று நான் தலைகுனியவைத்த அவ்விளைஞன் உரைக்கு முன்னரே என்னிடம் எழுதிக் கொடுத்துவிட்டான்.

நம் மாணவச் செல்வங்கள் யாவரும் அச்சமின்றிக் கற்பார்களாக. எவ்வுயிரும் இன்புற்று வாழ்க. சாது! சாது! சாது!